பெட்டி இடது பக்கம் இருக்கட்டும்

சென்ற இதழில் பிளாட்பெட் வண்டிக்கு, அதாவது பக்கப் பலகை இல்லாத வெறும் தள லாரிக்கு, மரத்தளம் நல்லதா, தகட்டுத் தளம் நல்லதா என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தளத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே தொங்குகிற டூல் பாக்ஸைப் பற்றிக் கேட்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். நாமக்கல் பக்கம் 38 வருடம் லாரி பாடி கட்டினேன். பாடி கட்டக் கொடுப்பவர்கள் பெயின்ட் வேலைக்கு நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று யோசனை சொல்வார்கள். பெட்டி எப்படி வேண்டும் என்று கேட்டால், "நீங்களே ஒன்று மாட்டிவிடுங்கள்" என்பார்கள். ஆனால் நடு ராத்திரியில் வண்டி நின்றுபோனால் டிரைவர் முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: 20 அடி பிளாட்பெட் பாடியோடு ஆறு சக்கர வண்டி எடுக்கிறேன். தறி மெஷின், கம்ப்ரசர், ஜெனரேட்டர்தான் பெரும்பாலும் லோடு. டூல் பாக்ஸ் இரும்பில் போடுவதா, அலுமினியத்தில் போடுவதா? என்ன அளவு? எங்கே மாட்டுவது?
– வாசகர், பல்லடம்

தம்பி, நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். டயர் மாற்றும் சாமான் இருக்கிற பெட்டி இடது பக்கம், அதாவது கிளீனர் பக்கம் இருக்க வேண்டும். இதில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். 1996-ல் என் மச்சான் வண்டிக்கு நான்தான் பாடி கட்டினேன். இடது பக்கம் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பிரேக்குக்குக் காற்று கொடுக்கிற ஏர் டேங்க் இருந்தது. வலது பக்கம் காலியாக இருந்தது, வேலை சுலபம் என்று பெட்டியை அங்கேயே மாட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து பெங்களூரிலிருந்து சேலம் திரும்பும்போது நானும் வண்டியில் இருந்தேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், தூறல் போட்டுக்கொண்டிருந்த நேரம், பின் டயர் ஒன்று போய்விட்டது. அப்போது அங்கே நான்கு வழிச்சாலை கிடையாது. ஓரமாக ஒதுக்கி நிறுத்தினோம். கிளீனர் பையன் ரோட்டுப் பக்கம் மண்டியிட்டு, பெட்டிக் கதவைத் திறந்து ஜாக்கியைத் தேடினான். கை துழாவிக் கிடைக்கவில்லை. டார்ச் எடுத்து வருகிறேன் என்று எழுந்து கேபினுக்குப் போனான். அவன் படியில் கால் வைத்த நேரத்தில், பின்னால் இறக்கத்தில் வந்த ஒரு லாரி எங்கள் வண்டியை ஒட்டி உரசிக்கொண்டு போனது. திறந்து கிடந்த கதவு கீலோடு பிய்ந்து, முப்பது அடி தள்ளிப் பாறை ஓரத்தில் விழுந்தது. அதை எடுத்துவந்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம், இரண்டாக மடங்கியிருந்தது. அந்தப் பையன் பேசவே இல்லை. சேலம் வரும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரமே பெட்டியைக் கழற்றி, ஏர் டேங்க்கை முறைப்படி முன்னால் நகர்த்தி, இடது பக்கம் மாற்றினேன். அதற்குப் பிறகு என் பட்டறையில் ஜாக்கிப் பெட்டி வலது பக்கம் போனதே இல்லை. வலது டயர் பஞ்சரானால் எப்படியும் ரோட்டுப் பக்கம் நின்றுதானே ஆக வேண்டும் என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் சாமான் தேடுகிற பத்து நிமிடமாவது ஆள் ரோட்டுப் பக்கம் இல்லாமல் இருப்பான் இல்லையா?

இப்போது அளவு. பிளாட்பெட்டுக்குப் பக்கப் பலகை கிடையாது. தளத்தின் மேல் எதையும் போட்டு வைக்க முடியாது. மற்ற வண்டிகளில் கயிறும் தார்ப்பாயும் பாடிக்குள் ஒரு மூலையில் கிடக்கும். உங்களுக்குச் சங்கிலி, அதை இறுக்குகிற லோடு பைண்டர், லோடைக் கட்டுகிற ராட்செட் பெல்ட், மெஷினுக்கு அடியில் கொடுக்கிற ஆப்புக் கட்டை என எல்லாமே கீழே போக வேண்டும். 10 மி.மீ. சங்கிலி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ வரும். ஐந்து மீட்டரில் நான்கு சங்கிலி வைத்தாலே 45 கிலோ. இதை ஸ்பேனர், ஜாக்கி கிடக்கிற பெட்டியிலேயே போட்டால், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் சங்கிலி எழும்பி விழுந்து மற்றதை நொறுக்கும். ஜாக்கியின் ஆயில் சீல் போவதற்கு இது ஒன்றே போதும்.

அதனால் ஒரு பெரிய பெட்டி வேண்டாம், இரண்டு பெட்டி போடுங்கள். இடது பக்கம் டூல்ஸ், வலது பக்கம் கட்டுச் சாமான். சங்கிலி கட்டுவதும் அவிழ்ப்பதும் கம்பெனி வளாகத்துக்குள் நடக்கிற வேலை. அங்கே வலது பக்கம் நின்றாலும் பயமில்லை.

ஒவ்வொன்றும் 4 அடி நீளம், 2 அடி ஆழம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் உங்கள் வண்டிக்குச் சரியாக இருக்கும். ஆனால் ஆர்டர் கொடுப்பதற்கு முன் வீல் ஸ்பேனரையும் அதற்குச் செருகுகிற லீவர் பைப்பையும் தரையில் வைத்து அளந்து பாருங்கள். பைப் நாலரை அடி இருக்கும், பெட்டி 4 அடி இருக்கும். கடைசியில் பைப்பைக் கேபினில் சீட்டுக்குப் பின்னால் போடுவார்கள். பிரேக் அடித்தால் அது எங்கே வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டிக்கு அடியில் அளவெடுப்பது லோடு ஏற்றிய பிறகு. காலி வண்டியில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள், ஸ்பிரிங் பட்டை இறங்கியதும் டயர் மேலே வந்து பெட்டியைத் தொடும். டயருக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சைலன்சருக்கும் அப்படியே. பி.எஸ். 6 என்கிற புகை விதிப்படி வந்த வண்டியில் புகை சுத்திகரிக்கிற பெட்டி கடுமையாகச் சூடாகும், அதற்கு ஊற்றுகிற ஆட்புளூ திரவத்தின் டேங்க்கும் கூடுதலாக ஓர் இடத்தைப் பிடித்திருக்கும். 2020 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டியின் பெட்டி அளவை வைத்துப் புது வண்டிக்குச் செய்யாதீர்கள். பெட்டியின் அடிப்பக்கம் டீசல் டேங்க்கின் அடிப்பக்கத்தை விடத் தாழக் கூடாது. வெளிப்பக்கம் தளத்தின் விளிம்பைத் தாண்டக் கூடாது.

இரும்பா, அலுமினியமா என்பது கடைசிதான். நான் சொன்ன அளவில் 14 கேஜ் தகட்டில், அதாவது 2 மி.மீ. கனத்தில் செய்தால் தகடு மட்டுமே 50 கிலோ. அதே பெட்டியை 3 மி.மீ. அலுமினியத்தில் செய்தால் 26 கிலோ. துருப் பிடிக்காது, பார்வையாகவும் இருக்கும். ஆனால் ஆந்திராவிலோ மகாராஷ்டிராவிலோ ஒரு மூலை கிழிந்துவிட்டால், ரோட்டோரப் பட்டறையில் அலுமினியத்தை ஒட்டித் தர மாட்டார்கள், அதற்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும். இரும்பை எந்த ஊரிலும் அரை மணி நேரத்தில் ஒட்டிவிடலாம். சங்கிலிப் பெட்டிக்கு இரும்பேதான். டூல்ஸ் பெட்டிக்கு, கையில் பணம் இருந்தால் அலுமினியம் போடுங்கள். நானாக இருந்தால் இரண்டையும் இரும்பிலேயே போட்டு, மிச்சப் பணத்துக்கு நல்ல ஜாக்கி வாங்குவேன்.

அப்புறம், மாட்டுகிற முறை. சேஸிஸில் வெல்டிங் வைக்கவே கூடாது. சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டையும் போடக் கூடாது. காவடிக் கம்பை நினைத்துப் பாருங்கள். பாரம் தொங்கும்போது கம்பின் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும், நடுவில் அவ்வளவு வேதனை இல்லை. சேஸிஸும் அப்படித்தான். செங்குத்தாக நிற்கிற நடுப்பகுதியில் கம்பெனியே போட்டு அனுப்பிய ஓட்டைகள் இருக்கும். அதில் பிராக்கெட்டை போல்ட் போட்டு முடுக்கி, அந்த பிராக்கெட்டின் மேல் பெட்டியை உட்கார வையுங்கள். முதல் லோடு இறக்கியதும் எல்லா நட்டையும் இன்னொரு முறை முடுக்குங்கள். தளத்தில் வேறு எங்காவது வெல்டிங் வைக்கிறார்கள் என்றால், அதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போதைய வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டர் அதில் போய்விடும்.

கேள்வி: என் கணவர் காலமான பிறகு இரண்டு பிளாட்பெட் வண்டிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே வருடத்தில் மூன்று முறை டூல் பாக்ஸை உடைத்துச் சாமான் எடுத்துவிட்டார்கள். டிரைவரைச் சந்தேகப்படவும் மனசு வரவில்லை. எந்தப் பூட்டு வாங்குவது?
– வாசகி, கரூர்

அம்மா, பூட்டு உடையவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் பார்த்த வண்டிகளில் பத்துக்கு எட்டு, பூட்டு அப்படியே தொங்கும், நாதாங்கிதான் பிய்ந்து கிடக்கும். இல்லையென்றால் கீலைக் கழற்றியிருப்பார்கள். உங்கள் பெட்டியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கீலின் ஸ்க்ரூத் தலை வெளியே தெரிகிறதா? அப்படியானால் பூட்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

பட்டறையில் இப்படிக் கேளுங்கள். கீல் போல்ட்டின் நட்டுப் பக்கம் பெட்டிக்கு உள்ளே வர வேண்டும், வெளியே தெரிகிற தலையில் ஒரு பொட்டு வெல்டிங் வைக்க வேண்டும். கதவின் நான்கு ஓரமும் உள்பக்கம் மடித்திருக்க வேண்டும், அப்போதுதான் கடப்பாரை நுனி நுழையாது. பூட்டு தொங்குகிற இடத்தைச் சுற்றி, நாலு விரல் நீளத்துக்குக் கனமான பைப் துண்டு ஒன்றை வெல்டிங் வைத்து, பூட்டு அதற்குள்ளே மறைந்து உட்காரும்படி செய்ய வேண்டும். கீழிருந்து கைவிட்டுச் சாவி போடலாம், கட்டரின் வாய் மட்டும் எட்டாது. செலவு பெரிதாக ஆகாது.

டிரைவர் விஷயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. கதவின் உள்பக்கம் வெள்ளை பெயின்ட்டில், உள்ளே இருக்கிற சாமான் ஒவ்வொன்றின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஜாக்கி 1, வீல் ஸ்பேனர் 1, லீவர் பைப் 1, ஸ்பேனர் செட் 1, இப்படி. ஒரு டிரைவர் இறங்கி இன்னொருவர் ஏறும்போது கதவைத் திறந்து இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தால் போதும். யாரையும் சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டிய நிலையே உங்களுக்கு வராது. நல்ல டிரைவர்கள் இதை விரும்புவார்கள், அவர்களுக்கும் இது பாதுகாப்பு.

கேள்வி: துறைமுக லோடு ஓட்டுகிறேன். இரண்டு வருடத்தில் பெட்டியின் அடி ஓட்டையாகிவிட்டது. கதவுக்கு ரப்பர் எல்லாம் போட்டிருக்கிறது. அப்படியும் உள்ளே தண்ணீர் நிற்கிறது. அலுமினியப் பெட்டிக்கு மாறிவிடலாமா?
– டிரைவர், தூத்துக்குடி

மழைத் தண்ணீர் மேலிருந்து வருகிறது என்று நினைத்து ரப்பர் போட்டிருக்கிறீர்கள். உங்கள் பெட்டிக்குத் தளமே கூரை. தண்ணீர் வருவது முன் சக்கரத்திலிருந்து. ஈரமான ரோட்டில் அறுபதில் போகும்போது டயர் வாரி அடிக்கிற தண்ணீர், குழாய் வைத்துப் பீய்ச்சுகிற மாதிரி பெட்டியின் முன்பக்கத் தகட்டில் மோதும். அந்தப் பக்கத்து மூலையில் விட்டுவிட்டு வெல்டிங் வைத்திருந்தால், அந்த இடைவெளி வழியாக உள்ளே ஏறும். பெட்டியைக் காலி செய்து, வெயிலில் உள்ளே தலையை விட்டுக் கதவைச் சாத்தச் சொல்லிப் பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் தண்ணீர் வருகிற இடம். அங்கே முழுதாக வெல்டிங் ஓட்ட வேண்டும். முன் சக்கரத்துக்குப் பின்னால் மட் பிளாப் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் ஈரம் வரத்தான் செய்யும். வந்தது வெளியேற அடித்தகட்டின் மூலைகளில் சுண்டுவிரல் போகிற அளவு ஓட்டை வேண்டும். பலர் தண்ணீர் வந்துவிடும் என்று பயந்து இந்த ஓட்டையை அடைத்துவிடுகிறார்கள், அடி ஓட்டையாவது அதனால்தான். நனைந்த கயிற்றையும் தார்ப்பாயையும் இந்தப் பெட்டியில் போடவே போடாதீர்கள். உப்பு ஏறிய கயிறு ஒரு வாரம் உள்ளே கிடந்தால் ஒரு மழைக்காலத்துக்குச் சமம்.

அலுமினியத்துக்கு மாறலாம். உங்கள் ஊருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அலுமினியப் பெட்டியை இரும்பு பிராக்கெட்டில் நேராக உட்கார வைத்தால், உப்புக் காற்றில் இரண்டும் தொடுகிற இடத்தில் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து அரித்துப்போகும். நடுவில் ரப்பர் ஷீட் கொடுங்கள், போல்ட்டுக்கு நைலான் வாஷர் போடுங்கள். இரும்பிலேயே இருப்பதானால், வெளியே அடிக்கிற ரெட் ஆக்சைடும் பெயின்ட்டும் உள்ளேயும் அடித்தாக வேண்டும். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள், பக்கத்தில் நின்று அடிக்கச் சொல்லுங்கள்.

அடியில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றை வெட்டிப் போடுங்கள். சத்தமும் குறையும், பெயின்ட்டும் உரியாது. மாதம் ஒருமுறை அதைத் தூக்கி அடியில் பாருங்கள்.

கேள்வி: ஸ்டவ், 5 கிலோ சிலிண்டர், அரிசி பருப்பு எல்லாம் டூல் பாக்ஸிலேயே வைக்கலாமா? கேபினில் இடமில்லை.
– டிரைவர், சங்ககிரி

கூடாது. கிரீஸ் துணி, டீசல் கேன், இரும்புச் சாமான் உருளுகிற இடத்தில் சிலிண்டரை வைக்கவே கூடாது. கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, பெட்டியின் அடியில் தேங்கி நிற்கும். காலையில் கதவைத் திறந்து பீடி பற்றவைத்தால் போதும்.

சமையலுக்கு என்று தனியாக ஒரு சின்னப் பெட்டி போடச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள். பேட்டரிக்கும் சைலன்சருக்கும் தள்ளி இருக்கட்டும், கேஸ் இறங்கிப் போவதற்கு அடித்தகட்டில் வரிசையாக ஓட்டை இருக்கட்டும், சிலிண்டர் நின்ற நிலையில் உட்கார ஒரு வளையம் வைக்கட்டும். நான் கட்டிய வண்டிகளில் கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் செய்து கொடுத்தேன். வாரக்கணக்கில் ரோட்டிலேயே சாப்பிட்டுத் தூங்குகிற மனிதருக்கு ஒரு அடுப்புப் பெட்டி ஆடம்பரம் இல்லை. ஓனர்கள் இதைப் படித்தால், கேட்காமலேயே போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: எட்டடி தளம் உள்ள சின்ன வண்டிதான் வைத்திருக்கிறேன். அடியில் இடமே இல்லை. கேபினுக்குப் பின்னால் தளத்தின் மேல் பெட்டி வைக்கலாமா? பிளாஸ்டிக் பெட்டி போதுமா?
– வாசகர், ஓசூர்

வைக்கலாம். அகலவாக்கில், கேபினை ஒட்டி, ஓரடி ஆழத்துக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் லோடு நீளத்தைத் தின்றுவிடும். மேலே திறக்கிற மூடி வையுங்கள், மழைக்கு மூடியின் விளிம்பு நாலு பக்கமும் இரண்டு விரல் கீழிறங்க வேண்டும். தளத்தோடு நான்கு போல்ட் போட்டுக் கட்டாயம் முடுக்க வேண்டும். சும்மா வைத்த பெட்டி பிரேக்கில் கேபின் கண்ணாடிக்கு வரும்.

பிளாஸ்டிக் பெட்டி உங்கள் வண்டிக்குப் போதும், துருவே கிடையாது, லேசானது. கீலும் பூட்டும்தான் அதில் பலவீனம், அதனால் விலை உயர்ந்த சாமானை ராத்திரி வீட்டுக்கு எடுத்துப்போய்விடுங்கள்.

கேள்வி: பெட்டிக் கதவு திறக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று பக்கவாட்டுத் தடுப்புக் கம்பியை அறுத்துவிட்டார் பட்டறைக்காரர். எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனையில்) பிரச்சினை வருமா?
– வாசகர், நாமக்கல்

வரும். எஃப்.சி. ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கம்பி எதற்கு இருக்கிறது? பக்கத்தில் டூ வீலரில் போகிறவர் சரிந்து விழுந்தால் பின் சக்கரத்துக்கு அடியில் போகாமல் தடுப்பதற்கு. அறுத்த இடம் ஒரு ஆள் நுழைகிற வாசல் மாதிரி இருக்கும்.

திரும்பவும் கம்பி போடச் சொல்லுங்கள். பெட்டிக்கு எதிரே வருகிற துண்டுக்கு மட்டும் ஒரு முனையில் கீலும் மறு முனையில் பின்னும் வைத்தால், கேட் மாதிரி திறந்துகொண்டு கதவைத் திறக்கலாம். பின்னை மேலிருந்து கீழே விழுகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள், குலுக்கலில் தானாகக் கழன்றுவிடாது. அதற்குச் சின்னச் சங்கிலி ஒன்றும் போட்டுவிடுங்கள், இருட்டில் கீழே விழுந்தால் தேட வேண்டியதில்லை. மஞ்சள் ரிஃப்ளெக்டர் டேப்பைப் பெட்டி மறைத்திருந்தால், பெட்டியின் வெளிப்பக்கத்திலேயே அதே உயரத்தில் புது டேப் ஒட்டுங்கள். நம் ஊர்க்காரராக இருப்பதால் கேட்கிறேன்: இந்த வாரமே செய்துவிடுங்கள், எஃப்.சி. தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.